பன்னிரண்டாவது இருக்கை

பேருந்து பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதே மாதேஸ்வரியின் வலது முழங்கால் வலி நாலைத் தொட்டுவிட்டது. மணிக்கட்டுப் பட்டையில் அந்த எண் பச்சையாக எரிந்தது. ஐந்தானால் மஞ்சள், ஏழானால் சிவப்பு. விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் நாலு. முட்டிக்குள்ளே யாரோ துருப்பிடித்த ஆணியை மெல்லத் திருகுவதுபோல் இருந்தது. காலை நீட்ட இடமில்லை. முன்னிருக்கையின் கம்பியில் பாதத்தை ஊன்றிக்கொண்டு, இறங்கும்வரை இது ஏறாமல் இருந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தாள்.

ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் போன முட்டி அது. பதினைந்து வயதில் ஈர மாவு தூக்க ஆரம்பித்தது. முப்பத்தேழு வயதில் ஆலையை மூடியபோது முட்டியும் ஏறக்குறைய மூடிவிட்டது. அதற்குப் பிறகு பதினோரு வருஷமாக இந்த வேலை. பேருந்தில் இருந்த நாற்பது பேருக்கும் அதே கதைதான். மேக்னசைட் பாறை உடைத்தவர்கள், தறியில் நின்றவர்கள், சந்தையில் மூட்டை இறக்கியவர்கள். பாதிப் பேர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் பிடரியிலும் கைக்குட்டை மடிப்பு அளவில் ஒரு பட்டை ஒட்டியிருந்தது.

அவள் இடுப்புப் பையில் ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து வைத்திருந்தாள். ஒரு பாதியைக் காலையில் விழுங்கியாயிற்று. முழுசாகப் போட்டிருந்தால் முட்டி அடங்கியிருக்கும், ஆனால் தோலும் அடங்கிவிடும். விரல் நுனி மரத்து, பூவைத் தொட்டால் காகிதத்தைத் தொட்ட மாதிரி இருக்கும். மற்ற நாளில் அது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை. இன்றைக்குத் தோல் வேண்டும்.

ஏற்காட்டு நுழைவாயிலில் பேருந்து நின்றது. இறங்கி, வரிசையில் நின்று, ஒவ்வொருவராகத் தலை எண்ணப்பட்டு உள்ளே போனார்கள். மலைத்தாங்கு சட்டம் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஐந்நூறு உடம்புதான் மலையேறலாம். ஒரு உடம்பு குடிக்கிற தண்ணீர், கழிக்கிற கழிவு, கிளப்புகிற சூடு எல்லாவற்றையும் அளந்து பார்த்து, இதற்கு மேல் மலை தாங்காது என்று போட்ட எண் அது. ஆனால் கீழே நாற்பத்தெட்டு டிகிரியில் கிடப்பவர்களுக்கு மேலே குளிர்ந்த காற்றும் கோடைவிழாவும் மலர்க் கண்காட்சியும் வேண்டியிருந்தது. அதற்குத்தான் மாதேஸ்வரி மாதிரி ஆட்கள். ஒரு உடம்பு ஏறும், அதற்குள் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள்.

எட்டு மணிக்கு ஏற்றம் ஆரம்பித்தது. பிடரிப் பட்டை சூடாகியது. கழுத்தோரம் இருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சென்னையிலும் மதுரையிலும் துபாயிலும் தலைக்கூட்டை மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கிறவர்கள், இனி மாலை நாலு மணிவரை அவள் கண்ணால் பார்ப்பார்கள், அவள் மூக்கால் முகர்வார்கள், அவள் தோலால் தொடுவார்கள். நிறுவனம் இதைப் புலன்சுமப்பு என்று எழுதியது. சுமக்கிறவர்கள் தங்களுக்குள் இருப்பவர்களை உள்ளாள் என்றார்கள்.

எல்லாம் அவர்களுக்குப் போகும், வலி மட்டும் போகாது. நடுவில் வலித்தடை என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆறுவரை அது வலியை வடிகட்டி மற்றதை அனுப்பிவிடும். ஏழைத் தொட்டால் அதனால் முடியாது, இணைப்பையே அறுத்துவிடும். எப்போதோ ஒரு சுமப்புக்காரி படியில் உருண்டபோது உள்ளாள் ஒருவருக்கு நெஞ்சு நின்றுபோனதிலிருந்து அப்படி வைத்திருக்கிறார்கள். அறுந்தால் உள்ளாட்களுக்கு ஏரியும் படகும் ஓடுகிற படம் ஒன்று பாட்டோடு வரும். மறுபடி ஒட்டக் கால் மணி நேரம் ஆகும்.

காதுக்குள் குணாளன் பேசினான். கீழே சேலத்து அலுவலகத்தில் திரை முன்னால் உட்கார்ந்து நாலு சுமப்புக்காரிகளை ஓட்டுகிற பையன். பன்னிரண்டு இருக்கையும் நிரம்பிவிட்டது, பன்னிரண்டாவது ஊழியர் இருக்கை, உன் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது, அவருக்கு வணக்கம் சொன்னால் பதிலே இல்லையே அக்கா என்றான். அவர் பேசமாட்டார், கூச்ச சுபாவம் என்றாள் மாதேஸ்வரி.

உண்மையில் அந்த இருக்கையில் இருந்தது பத்து வயதுக் கவிநிலா. பதினாறுக்குக் கீழே தலைக்கூடு மாட்டக் கூடாது. ஊழியருக்கு வருஷத்தில் ஒரு நாள் இலவசமாகக் கிடைக்கிற இருக்கையை வீட்டுக்காரர் பேரில் எடுத்து, விடிகாலையில் அவர் லாரிக்குக் கிளம்பும் முன் கட்டை விரலை வைக்கச் சொல்லித் தலைக்கூட்டைத் திறந்து, பிள்ளையின் தலையில் மாட்டிவிட்டு வந்திருந்தாள். வாயைத் திறக்கக் கூடாது, குரல் வெளியே போனால் பெரியம்மா வேலை போய்விடும், ஓட்டுப் போடுகிற பொத்தானை மட்டும் அழுத்து என்று நூறு தடவை சொல்லியிருந்தாள்.

கவிநிலாவின் அம்மா கோகிலா மேலே இருந்தாள். மாதேஸ்வரியின் கூடப்பிறந்த தங்கை. கண்காட்சிக்குத் தொட்டி வளர்க்கிற தொட்டிமனையில் ஆறு வருஷமாக வேலை. மலையில் தங்கி வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது. ஒரு தடவை கீழே இறங்கினால் இடம் போய்விடும். பத்து வருஷம் இறங்காமல் தாக்குப்பிடித்தால் குடும்பத்தோடு தங்குகிற அட்டை கிடைக்கும். புருஷன் போன பிறகு நாலு வயதுப் பிள்ளையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு அந்த அட்டைக்காக ஏறியவள். இன்னும் நாலு வருஷம் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை திரையில் வந்து பேசுவாள். முதலில் பிள்ளை ஓடி வந்து உட்காரும். பிறகு கூப்பிட்டால் வந்தது. இந்தச் சித்திரையிலிருந்து வருவதே இல்லை. ஏன் கண்ணு என்று மாதேஸ்வரி கேட்டதற்கு, திரையில இருக்கறவங்களோட என்ன பேசறது பெரியம்மா, எனக்கு அவங்க எப்படி இருப்பாங்கன்னே தெரியலை என்றது. அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். அது கணக்குப் பாடம் எழுதிக்கொண்டே சொன்னது. அன்றைக்குத்தான் மாதேஸ்வரி வாக்குக் கொடுத்தாள். உன் அம்மாவை நான் கட்டிப்பிடிப்பேன், நீ எனக்குள் இருப்பாய், அம்மாவின் கை உனக்கு வந்து சேரும், வந்து சேர்ந்ததும் பொத்தானை ஒரு தடவை அழுத்து, என் பட்டை அதிரும், எனக்குத் தெரிந்துவிடும்.

போக வேண்டியது தொட்டிமனை. ஆனால் எங்கே போவது என்பது அவள் கையில் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஓட்டு. ஏழு பேர் சொன்னால் அந்தப் பக்கம்.

முதல் ஓட்டில் ஏரிக்குப் போனார்கள். படகில் உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. அதற்கே முட்டி கத்தியது. அடுத்து நாலாம் இருக்கை அம்மையார், சென்னையில் எங்கோ அடுக்ககத்தில் இருப்பவர், மிளகாய் பஜ்ஜி வேண்டும் என்றார். டாக்டர் அவரை எண்ணெயைத் தொடக் கூடாது என்று சொல்லிப் பத்து வருஷம் ஆகிறதாம். மாதேஸ்வரியின் வயிற்றுக்கு அப்படி எந்த டாக்டரும் இல்லை. ஒன்று சாப்பிட்டாள். சட்னியில் தோய்த்து இன்னொன்று. அது ஆறிவிட்டது, சூடாக ஒன்று வாங்கம்மா என்றார். ஐந்து பஜ்ஜி இறங்கியபோது அவளுக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அம்மையார் திருப்தியாக ஒரு ஏப்பம் விட்டார். அது மாதேஸ்வரியின் ஏப்பம்.

பிறகு லேடீஸ் சீட் என்கிற மலைமுனை. சேலத்தை மேலிருந்து பார்க்க ஆசையாம். படி, மறுபடி படி. கீழே வெயிலில் ஊர் வெந்துகொண்டிருந்தது, புழுதிக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லையே என்று நாலைந்து பேர் அவளிடமே குறைப்பட்டார்கள். பட்டை மஞ்சளாகிவிட்டது. ஐந்து. குணாளன் காதில், மஞ்சள் வந்துடுச்சுக்கா, பார்த்து நட என்றான். நடப்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கே நடப்பது என்பதை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்காட்சிக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. அந்த வருஷம் மூன்று ஆள் உயரத்துக்குச் சாமந்தியால் ஒரு தேனீ செய்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ரோஜாவால் மேட்டூர் அணை, மதகில் நிஜத் தண்ணீர். டேலியா, சால்வியா, பெட்டூனியா என்று தொட்டிகள் படிப்படியாக அடுக்கியிருந்தன. ஆயிரக்கணக்கான தொட்டிகள். ஒவ்வொன்றையும் கோகிலா தூக்கியிருக்கலாம் என்று நினைத்தாள். ஒரு டேலியாவின் பக்கத்தில் குனிந்து, யாரும் ஓட்டுப் போடாமலே, தொட்டியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். உள்ளே பன்னிரண்டாவது ஆளுக்கு அது போயிருக்கும்.

அடுத்தது படம் எடுக்கிற கண்ணாடி. அதன் முன்னால் நின்றால் சுமப்புக்காரியின் முகத்தின் மேல் உள்ளாளின் முகம் ஒட்டிக்கொண்டு படமாகும். ஒருவருக்கு ஒரு தடவை. நாலாம் இருக்கை அம்மையாருக்கு மட்டும் முகம் கோணலாக வந்தது என்று மூன்று தடவை. பன்னிரண்டாவதற்கு அவள் நின்றபோது அவளுடைய ஊதா நிறச் சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் மீசை வந்து ஒட்டியது. பட்டை லேசாக இரண்டு தடவை அதிர்ந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறது. வந்து சேர்ந்தால் மட்டும் அழுத்தச் சொன்னேனே என்று உள்ளுக்குள் கடிந்துகொண்டாள். அந்த நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

மணி இரண்டானது. இன்னும் தொட்டிமனையின் பேச்சே எழவில்லை. காபித்தூள் கடை, மிளகுக் கடை, மறுபடி தேனீ. சொந்த வேலையாக வழியைத் திருப்பினால் குணாளன் புகார் எழுதியாக வேண்டும். நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் முட்டியில் ஏறியது. ஒரு சிமெண்டுப் பலகையில் உட்காரப் போனாள். ஏம்மா உட்காருறே, நாங்க உட்காரவா வந்தோம் என்றது ஒரு குரல். எழுந்துகொண்டாள்.

வழி ஒன்பதாம் இருக்கையிடமிருந்து வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவராம், மனைவி போன பிறகு மாடியில் தனியாகச் செடி வளர்க்கிறவர். காலையிலிருந்து அதிகம் பேசாதவர், இவ்வளவு தொட்டியையும் எங்கம்மா வளர்க்கறாங்க, அதைப் பார்க்க முடியுமா என்றார். பின்னால் தொட்டிமனை இருக்கிறது ஐயா, அங்கேதான் விதையிலிருந்து எல்லாம் நடக்கிறது, யாரும் கூட்டிப்போகாத இடம், நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் என்று மாதேஸ்வரி அடுக்கினாள். மண்ணையும் சாணியையும் பார்க்கவா மலைக்கு வந்தோம் என்று நாலாம் இருக்கை சடைத்துக்கொண்டார். ஓட்டு விழுந்தது. ஆறுக்கு ஐந்து. ஒரு ஓட்டு இன்னும் விழவில்லை. தொட்டிமனை என்றால் என்ன என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. பிறகு விழுந்தது. ஏழு.

தொட்டிமனைக்கு இறங்க நூற்றுப் பன்னிரண்டு படி. வேலைக்காரர்கள் போகிற படி, கைப்பிடி கிடையாது. முதல் படியிலேயே நின்று இடுப்புப் பையைத் தடவினாள். பாதி மாத்திரை இருந்தது. போட்டால் கால் மணி நேரத்தில் முட்டி இறங்கும். ஆனால் ஆறு வருஷம் கழித்து அம்மாவின் கை பிள்ளைக்குப் போர்வைக்கு மேலே தொட்டதுபோலப் போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இப்போது ஐந்து. படியெல்லாம் இறங்கினால் ஒன்று கூடும், ஆறு. ஆறுவரை வலித்தடை தாங்கும். மாத்திரையைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் வைத்து, வலதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, குழந்தை இறங்குவதுபோல் இறங்கினாள். சீக்கிரம் போம்மா என்றது யாரோ. கீழே வந்தபோது பட்டையில் ஆறு. அங்கேயே நின்றது. அவள் கணக்குச் சரிதான்.

நீளமான தகரக் கொட்டகை. வரிசை வரிசையாகக் கறுப்புத் தொட்டிகள். தலையில் துண்டு கட்டிய பத்துப் பதினைந்து பெண்கள் எரு கலந்த மண்ணை அள்ளித் தொட்டியில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் இருந்தவள் நிமிர்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தோர விளக்குகளைத்தான் முதலில் பார்த்தாள். சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற குரலில் வாங்க என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“அக்கா.”

திரையில் தெரிவதைவிட இளைத்திருந்தாள். கன்னத்தில் மண். இரண்டு கையிலும் முழங்கைவரை எரு.

“உள்ள எத்தனை பேரு?” என்றாள் கோகிலா.

“பன்னெண்டு.”

“நிறைய ஏத்திக்கிட்டுதான் வந்திருக்கே. ஒரு நாளைக்கு வெறும் ஆளா வரக் கூடாதா?”

“வெறும் ஆளுக்கு யாரு புள்ள வாசல்ல கதவத் திறக்கறா.”

காதில் குணாளன் தொண்டையைக் கனைத்தான். சொந்தக்காரங்களாக்கா, ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக்க, நான் எழுதறதுக்குள்ள என்றான். ஒன்பதாம் இருக்கைப் பெரியவர் மண்ணில் என்ன விகிதம் எரு போடுகிறார்கள் என்று கேட்டார். அதை மாதேஸ்வரி காதில் வாங்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தங்கையை நோக்கிப் போனாள்.

கோகிலா பின்னால் நகர்ந்தாள்.

“வேண்டாங்க்கா. உன்னைக் கட்டிப்பிடிச்சா பன்னெண்டு பேரு என்னைக் கட்டிப்பிடிச்ச மாதிரி. போன வருஷம் ஒருத்தி கையக் கொடுன்னா, பாவமேன்னு கொடுத்தேன். உள்ள இருந்தவன் இந்தக் கையப் பத்தி என்னென்னமோ எழுதி வெச்சான். இங்க எல்லாரும் படிச்சுட்டுச் சிரிச்சாளுங்க.”

மாதேஸ்வரி விரித்த கையோடு நின்றாள். காலையிலிருந்து பட்ட பாடு எல்லாம் இந்த நாலடித் தூரத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே யார் என்று சொன்னால் அடுத்த நொடியே இருக்கையைப் பிடுங்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் இவள் வரமாட்டாள். சுமப்புக்காரி உள்ளாளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று பதினோரு வருஷமாகக் கைநாட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

“பன்னெண்டாவது சீட்டு உன் மாமா பேருல எடுத்தது” என்றாள்.

“ஓ. மாமாவுக்கு இந்த வயசுல கொழுந்தியாளக் கட்டிப்பிடிக்கணுமாக்கும்.”

“மாமா விடிகாலையிலயே ஓசூருக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு.” ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். “வீட்டுல இருக்கறது ஒரே ஆளுதான் புள்ள.”

கோகிலாவின் கை எருவோடு அப்படியே நின்றது. அக்காவின் கழுத்தில் பன்னிரண்டாவது விளக்கைப் பார்த்தாள். அப்புறம் கண்ணைப் பார்த்தாள். அக்காவைப் பார்க்கிற பார்வை இல்லை அது. சாவித் துவாரத்தின் வழியாக அந்தப் பக்கம் நிற்கிறவரைத் தேடுகிற பார்வை. பேர் சொல்லக் கூடாது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

“தலை வாரிக்கிட்டியா?” என்று கேட்டாள். அப்படிக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றாள்.

பிறகு கையைச் சேலையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். மண்வாசனையும் வியர்வையும் ஏதோ மூலிகை எண்ணெயும் சேர்ந்த ஒரு வாசனை. முதுகில் பத்து விரலும் தனித்தனியாகப் பதிந்தன. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் முகத்தைப் புதைத்து, ஏதோ சொன்னாள், சொல் இல்லை, பிள்ளையைத் தூங்க வைக்கும்போது வருகிற ஓர் ஒலி. வாங்கிக்கோ கண்ணு, முழுசா வாங்கிக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மாதேஸ்வரி அசையாமல் நின்றாள். எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

தங்கையின் தோளுக்கு மேலே தன் மணிக்கட்டு தெரிந்தது. சிவப்பு. எட்டு.

முழங்காலைக் கவனித்துப் பார்த்தாள். அது ஆறிலேயேதான் இருந்தது. பழகிய வலி, அதன் அளவு அவளுக்குத் தெரியும். கூட இருக்கிற இரண்டு எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. அதற்குள் காதில் பாட்டுக் கேட்டது. ஏரி, படகு, அதே புல்லாங்குழல்.

குணாளன் சன்னமாகப் பேசினான். லைன் விழுந்திருச்சுக்கா, கால் இடறிடுச்சா என்றான். இல்லை, கால் ஒன்றும் ஆகவில்லை, மறுபடி போடு, இப்பவே போடு என்றாள் அவள், உதடு அசையாமல். கால் மணி நேரம் ஆகும், உனக்கே தெரியும், அதற்குள் மேலே திரும்பச் சொல்லும் ஏறுமணி அடித்துவிடும் என்றான். பிறகு கேட்டான்.

“அழுதியா?”

அவள் கன்னத்தைத் தங்கையின் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“அழுதாலும் ஏறும்க்கா. அந்த மிஷினுக்கு முட்டி எது, மனசு எதுன்னு தெரியாது. எல்லாம் ஒரே வயருதான். உனக்குத் தெரியாதா?”

தெரியாது. பதினோரு வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் ஒரு நாளும் அழுததில்லை. முட்டிக்குக் கணக்குப் போட்டாள், படிக்குக் கணக்குப் போட்டாள். பையில் பாதி மாத்திரை கிடந்தது. அதைப் போட்டிருந்தால் மங்கலாகவாவது போயிருக்கும்.

கோகிலா விலகி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவின் கண்ணுக்குள் மறுபடி பார்த்தாள். இணைப்பு அறுந்தாலும் கழுத்து விளக்குகள் அணைவதில்லை, பன்னிரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

“வாங்கிக்கிச்சா?”

மாதேஸ்வரி பட்டை கட்டிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அது அதிரவே இல்லை.

“வாங்கிக்கிச்சு” என்றாள்.

மேலே ஏறுமணி அடித்தது. கோகிலா சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை திரைக்கு வரச் சொல்லு என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி பார்ப்பதற்குள் மண்குவியலுக்குத் திரும்பி ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்க்கப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

நூற்றுப் பன்னிரண்டு படியையும் திரும்ப ஏறி முடிக்கும்போது இணைப்பு ஒட்டியது. வெளியே போகிற வாசலில் நின்றாள். உள்ளாட்கள் இறங்கப் பத்து நிமிஷம் இருந்தது. நாலாம் இருக்கை அம்மையார், கால் மணி நேரம் படம்தான் ஓடியது, அதற்கு ஈடாக இன்னொரு நாள் தர வேண்டும் என்று குணாளனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் இருக்கைப் பெரியவர் மெதுவாக, அம்மா, லைன் போவதற்கு முன்னால் ஒரு நொடி முதுகில் ஏதோ பட்டதே, அது என்ன என்றார். மண் ஐயா என்று சொல்லப் போனவள், என் தங்கை கை என்றாள். இறங்கும்போது எல்லோரும் சொல்லுகிற நன்றியைக்கூட அவர் சொல்லவில்லை.

பேருந்து கிளம்பியபோது குணாளன் காது இணைப்பை அணைக்கும் முன் சொன்னான். பன்னெண்டாவது சீட்டுல யாருன்னு நான் கேக்கலைக்கா, நீயும் சொல்லலை. அடுத்த வருஷம் அந்த சீட்டு வர்றதுக்குள்ள அழுது முடிச்சுட்டு வா.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை மணி, வெயில் இன்னும் சுவரில் இருந்தது. மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. முட்டி இப்போது எத்தனையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கவிநிலா தலைக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. இரட்டைச் சடை பின்னி, புது ரிப்பன் கட்டியிருந்தது. தானே கட்டியது, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும்.

“படகுப் படம் வந்துருச்சு பெரியம்மா.”

“அதுக்கு முன்னாடி?”

“தலை வாரிக்கிட்டியான்னு கேட்டாங்க. வாரிக்கிட்டேன்னு சொன்னேன், மெதுவாத்தான் சொன்னேன். கிட்ட வந்தாங்க. மண்ணு வாசம் வந்துச்சு. முதுகுல கை வெச்சாங்க.” மடியில் இருந்த தலைக்கூட்டைத் திருப்பி வைத்தது. “அப்புறம் அந்தப் படகு வந்துருச்சு. நான் அழுத்தலை. முழுசா வந்தாத்தானே அழுத்தச் சொன்னே.”

மாதேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். எப்படி இருந்துச்சு என்று பிள்ளை கேட்டது. பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது என்றாள். தோளில் முகத்தை வைத்தாள், தூங்க வைக்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தாள் என்றாள். சொல்லச் சொல்ல அது சமையல் குறிப்பு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அவளுக்கே எரிச்சல் வந்தது. வா என்று இழுத்து, கோகிலா பிடித்த மாதிரியே, அதே இடத்தில் விரலைப் பதித்து, அதே இடத்தில் முகத்தை வைத்து, பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒலியையும் எழுப்பிப் பார்த்தாள்.

கவிநிலா கண்ணை மூடிக்கொண்டு, தேர்வு எழுதுகிற மாதிரி, அசையாமல் இருந்தது. ரொம்ப நேரம் இருந்தது. பிறகு மெதுவாகத் தலையை எடுத்தது.

“இது நீ, பெரியம்மா” என்றது.

குறையாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னது. எழுந்து போய்த் தலைக்கூட்டை அலமாரியில் வைத்துவிட்டு, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது.

மாதேஸ்வரி முட்டியை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். முதுகில் பத்து விரலும் இன்னும் பதிந்தே இருந்தன. கவிநிலாவுக்கு அவள் அம்மாவின் ஓர் அணைப்பு பாக்கி. கோகிலா கொடுத்துவிட்டாள். மாதேஸ்வரிதான் இன்னும் கொடுக்கவில்லை.